எரிவுக் குளிசையும் பிழைத்துப்போகும் பரிசோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நெஞ்செரிவு, பொருமல், புளித்த ஏப்பம், மேல்வயிற்றுக் குத்து எல்லாவற்றுக்கும் யாழ்ப்பாணத்தில் 'காஸ்ரைட்டிஸ்' என்ற ஒரே பெயர்தான். பாமசியில் எரிவுக் குளிசையான ஒமிப்ரசோல் ஒரு காட் வாங்கிப் போட்டால் எரிவு அடங்கும். விட்டதும் திரும்ப வரும். மாதக்கணக்கில் இப்படிப் போனபின் டொக்டரிடம் வருபவருக்கு விடை பிந்துவதற்கு அந்தக் குளிசையே காரணமாகிவிடுகிறது.

வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, மூட்டு நோவுக்குப் போடும் டைகுளோபினாக் போன்ற மருந்துகளும் அஸ்பிரினும். மற்றது ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா. இதைக் கண்டறிந்த பரி மார்ஷலுக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமியை மலப் பரிசோதனையிலோ மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையிலோ பிடிக்கலாம். ஆனால் ஒமிப்ரசோல் வகைக் குளிசையை 2 வாரமும் அன்ரிபயோட்டிக்கை 4 வாரமும் முன்னரே நிறுத்தியிருக்க வேண்டும். இவை கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவதால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று ரிப்போட் வரும். இதய நோய்க்கு அஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. சிகிச்சை முடிந்து 4 வாரத்துக்குப் பின் கிருமி போய்விட்டதா என்று திரும்பப் பார்ப்பதும் அவசியம். இதற்கு இரத்தப் பரிசோதனை உதவாது; கிருமி அழிந்த பின்னும் அது நெடுநாள் 'உண்டு' என்றே காட்டும்.

இன்னொன்று. ஒமிப்ரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் வெறும் வயிற்றில் போடுவது. சாப்பிட்ட பின் போட்டுவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்று அளவைக் கூட்டுபவர்கள் அதிகம்.

டொக்டரைப் பார்க்கப் போகமுன் 2 வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நோ சாப்பிடமுன்னா பின்னா, இரவில் நித்திரையைக் குழப்புகிறதா, வயிற்றாலே எத்தனை தரம் போனது, நிறை எவ்வளவு என்பவை போதும். போடும் எல்லாக் குளிசைகளையும், கசாயம் உட்பட, எழுதுங்கள். சலரோகத்துக்கு எடுக்கும் மெற்போமின் வயிற்றோட்டம் தரும். இரும்புக் குளிசை மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் தார் போல ஒட்டி, கடும் நாற்றத்தோடு போனால் அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சோறு தொண்டையில் இறங்காமல் தண்ணீர் விட்டு விழுங்குவதை யாரும் 'காஸ்' என்று விடக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் இதைக் கட்டாயம் அப்படி அலட்சியம் செய்யக் கூடாது. காரணமின்றி நிறை குறைந்தாலும், இரத்தச்சோகை வந்தாலும், 60 வயதுக்குப் பின் நெஞ்செரிவு, பொருமல் போன்றவை புதிதாகத் தொடங்கினாலும் எண்டோஸ்கோபி (வாய்வழியே கமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) பற்றிக் கேளுங்கள். திடீரென மேல்வயிறு இறுகி, வியர்த்து, நோ தாடைக்கோ கைக்கோ பரவினால் சோடா குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 1990 அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

பாமசி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் எரிவுக் குளிசை கேட்பவரிடம் 'எவ்வளவு காலமாக?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எண்டோஸ்கோபி செய்தவர்களும் கவனிக்க வேண்டும்: பரிசோதனைக்குத் தசைத்துண்டு எடுத்திருந்தால் அதன் முடிவு பிறகுதான் வரும். அந்த முடிவை எந்த நாள், எங்கே எடுப்பது என்று கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வெளிக்கிடுங்கள்.

ஓய்வுநிலை மருந்தாளர்,
மானிப்பாய்.