தனித்தேர்வர் பிள்ளைக்கும் ஒரு திருப்புதல் தேர்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு பயத்தைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகளின் தூக்கம், சாப்பாடு, செல்போன் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் அதில் வந்த யோசனைகளில் பாதிக்கு மேல் "வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்" என்று முடிந்தன. என் மகனுக்கு வகுப்பாசிரியர் கிடையாது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்தவன், வீட்டிலிருந்தே படிக்கிறான். வருகிற பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நேரடித் தனித்தேர்வராக, அதாவது எந்தப் பள்ளியின் மாணவனாகவும் இல்லாமல், எழுதப் போகிறான். ஏன் நிறுத்தினோம் என்பது நீளமான விஷயம், இங்கே வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்விக்கென்று ஒரு வரியும் இல்லை, தடையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்ற குடும்பங்கள் இருக்கின்றன.

எனக்குத் தேர்வு பயம் வந்தது பத்தாம் வகுப்பை நினைத்து அல்ல, அதற்கு முன்பே. தனித்தேர்வர்களுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தேர்வு ஒன்றை நடத்துகிறது. பன்னிரண்டரை வயது நிறைந்திருந்தால் எழுதலாம், ஐந்து பாடங்கள். என் மகன் முதன்முதலாகத் தேர்வு அறையில் உட்கார்ந்தது அப்போதுதான். சமூக அறிவியல் தேர்வு முடிந்து முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தான். "அம்மா, வேலூர் புரட்சி வந்திருந்துச்சு!" என்றான். வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தோம். 1806 ஜூலை 10 அவனுக்குத் தன் பிறந்தநாள் மாதிரி நினைவிருக்கும். புதிய தலைப்பாகையால் சிப்பாய்களுக்கு வந்த கோபம், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி என்று தெரிந்ததையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான். அது இரண்டு மதிப்பெண் கேள்வி. கடைசியில் நேரம் போதாமல் வரைபடத்தைத் தொடவே இல்லை. தேர்ச்சி பெற்றுவிட்டான், சரி. ஆனால் அந்தப் பாடத்தில் மதிப்பெண் எல்லைக்கோட்டை ஒட்டித்தான் வந்தது.

இதில் அவன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. படிக்கப் பிடித்துப் படித்த பிள்ளை அப்படித்தான் எழுதும். ஆனால் பொதுத்தேர்வு என்பது தெரிந்ததைக் கேட்பது மட்டும் அல்ல. இரண்டு மதிப்பெண்ணுக்கு எத்தனை வரி, எதை முதலில் எழுதுவது, எதை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது என்பதும் சேர்ந்ததுதான் அது. பள்ளிப் பிள்ளைக்கு இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, அப்புறம் திருப்புதல் தேர்வுகள் என்று எழுதி எழுதியே கைக்கு வந்துவிடுகிறது. வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடைக்க வழியே இல்லை.

பத்தாம் வகுப்பில் இது இன்னும் கூடுதல். பத்து மணிக்கு மணி அடித்ததும் வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம், பத்தேகாலுக்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். கணக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, இரண்டு மதிப்பெண் கேள்வி 10, ஐந்து மதிப்பெண் கேள்வி 10, பிறகு வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டெட்டு மதிப்பெண். எல்லாம் மூன்று மணி நேரத்துக்குள். இடையில் வரைபடத்தாளைக் கேட்டு வாங்கி, விடைத்தாளோடு நூலால் கட்டத் தெரிய வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு தடவைகூடக் கட்டிப் பார்க்காத பிள்ளைக்கு, கடைசிப் பத்து நிமிடத்தில் அது சின்ன விஷயமாக இருக்காது.

பழைய வினாத்தாள்களை வைத்து வீட்டிலும் தேர்வு நடத்துகிறோம். நான்தான் கண்காணிப்பாளர், நான்தான் திருத்துபவள். ஒரு விடையைப் படிக்கும்போது அவன் என்ன சொல்ல வருகிறான் என்பது எனக்கு முதல் வரியிலேயே புரிந்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஆசிரியர் ஒருவருக்கு அது புரியுமா? நான் தாராளமாகப் போடுகிறேனா, பயத்தில் குறைத்துப் போடுகிறேனா என்று எனக்கே பிடிபடுவதில்லை. இராத்திரி தூக்கம் கெடுவது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் பள்ளியைச் சொல்வார்கள், டியூஷனைச் சொல்வார்கள், வினாத்தாள் கடினம் என்பார்கள். எங்கள் பிள்ளைக்குக் குறைந்தால் பெற்றவர்களைத்தான் சொல்வார்கள். கல்யாண வீட்டில் "எந்த ஸ்கூல் தம்பி?" என்று கேட்பவர்களுக்கு ஐந்து வருடமாகப் பதில் சொல்லிவிட்டோம். இப்போது அத்தனை பதிலையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் வைத்துப் பார்ப்பார்களே என்ற நினைப்பு நெஞ்சை அடைக்கிறது. அவன் காதில் இது விழாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் எதுவும் இருப்பதில்லை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுத வைக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். நல்ல ஏற்பாடுதான். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு, பாடங்களைப் பிரித்து எழுதலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகள். பல வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. என் மகன் ஆசையோடு படித்தது நம் மாநிலப் பாடநூல்களை. பதினொன்றாம் வகுப்புக்குப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர வேண்டும் என்பதும் அவன் விருப்பம். அதனால் மாநிலத் தேர்வையே எழுதட்டும் என்று முடிவு செய்தோம். தவறினாலும் துணைத்தேர்வு இருக்கிறது, ஆண்டு வீணாகாது என்பது ஓர் ஆறுதல்.

விண்ணப்ப விவரம் கேட்கப் போன இடத்தில் "ஏன்மா பையனைப் படிக்க வைக்காம விட்டுட்டீங்க?" என்றார் ஒருவர், அவன் பக்கத்தில் நிற்கும்போதே. அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை. படிப்பை இடையில் விட்டவர்களைத்தான் தனித்தேர்வராக அவர் பார்த்திருக்கிறார். அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள். நான் கேட்கப் போவது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

நேரடித் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டும். 80 சதவீத வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வு. ஆக, ஒவ்வொரு தனித்தேர்வருக்கும் ஒரு பள்ளி ஏற்கெனவே இருக்கிறது. அதே பள்ளியில் அரையாண்டுத் தேர்வையும் திருப்புதல் தேர்வையும் இவர்கள் எழுத அனுமதித்தால் என்ன? வினாத்தாள் தயாராக இருக்கிறது, அறை இருக்கிறது, கூடுதலாகச் சில பெஞ்சுகள் போதும். ஆசிரியர்களுக்கு வேலை கூடும் என்பது தெரியும். எல்லாப் பாடத்தையும் திருத்தித் தர முடியாவிட்டால் ஒரு பாடமாவது திருத்தித் தரட்டும். வெளியாள் ஒருவர் சிவப்பு மையில் போட்ட மதிப்பெண்ணை ஒரு முறை பார்த்துவிட்டால், எங்கே கூடுதலாக எழுதுகிறான், எங்கே குறைக்கிறான் என்பது அவனுக்கே விளங்கிவிடும். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் நீக்கிய அரசு இது. பிள்ளைகளின் பாரம் அதற்குப் புரியாதது இல்லை. பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் இதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தனித்தேர்வர் பதிவு, செய்முறைப் பயிற்சிப் பதிவு பற்றிய அறிவிப்புகள் பத்திரிகைகளில் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தியாக வந்து போகின்றன. செய்முறைப் பதிவின் கடைசித் தேதியைத் தவறவிட்டால் அந்த ஆண்டுத் தேர்வே கை நழுவிப் போகும். அந்த அறிவிப்பு வரும்போது தேதியோடு, எங்கே போய்ப் பதிய வேண்டும் என்பதோடு, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்கல்வி மாணவன் ஒருவனின் தாய்,
ஈரோடு மாவட்டம்.