புது கோல்ஃப் பட்டர் வாங்குவதற்கு முன்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன், உன் தங்கச்சிக்கு ஒரே சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கோல்ஃபில் ஆறடியில் இருந்து தட்டும் பந்துகூட குழிக்கு இடது பக்கமாகவே போகிறது, பட்டரை, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையை, மாற்றிவிடலாமா என்று எழுதியிருந்தாய். மாற்றாதே. போன வருஷம் எனக்கும் இதே கதைதான், மூன்று மாதம் பிடியை மாற்றினேன், நிற்கும் விதத்தை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் தப்பு கையில் இல்லை, கண்ணில். நான் நேராகத்தான் தட்டியிருக்கிறேன், நேர் என்று என் கண் காட்டிய இடம்தான் நேராக இல்லை.

கணக்குப் போட்டுப் பார். குழியின் அகலம் 4.25 அங்குலம். 10 அடி தூரத்தில் பட்டர் முகம் 1 டிகிரி திரும்பியிருந்தால் பந்து 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலேயே விலகிவிடும், அதாவது குழியின் விளிம்பு. 20 அடி என்றால் பந்து குழிப் பக்கமே போகாது. ஒரு டிகிரி என்பது கடிகாரத்தின் நிமிட முள் 10 விநாடியில் நகர்கிற அளவு, அவ்வளவுதான்!

முதலில் இதைச் செய். வழக்கம் போலக் குனிந்து நின்றுகொண்டு, இன்னொரு பந்தை இரண்டு புருவத்துக்கும் நடுவே வைத்துக் கீழே விடு. தரையில் இருக்கும் பந்தின் மேலேயே விழுந்தாலும், உன் கால் பக்கமாக ஓர் அங்குலம் தள்ளி விழுந்தாலும் பரவாயில்லை. எனக்கு அது பந்தைத் தாண்டி வெளியே விழுந்தது. அப்படி எட்டிப் பார்த்து நின்றதால் லைன், அதாவது பந்து உருள வேண்டிய பாதை, முழுக்க எனக்கு இடது பக்கம் தள்ளியே தெரிந்திருக்கிறது.

அடுத்தது கண்ணாடி. நீயும் என்னைப் போல, தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடியான புரோகிரசிவ் தானே போடுகிறாய்? குனிந்து பந்தைப் பார்க்கும்போது அந்தக் கண்ணாடியின் கீழ்ப்பாகம், படிப்பதற்கான பாகம், குறுக்கே வந்துவிடுகிறது. பந்து ஓரிடத்தில் இருக்க வேறிடத்தில் தெரியும். தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொண்டேன், மைதானத்தில் அதைத்தான் போடுகிறேன். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் இதுதான் என்பேன்.

அப்புறம், பந்தில் ஒரு கோடு போட்டுக்கொள். கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்து இருந்த இடத்தில் அடையாளத்துக்கு மார்க் வைத்துப் பந்தை எடுத்து, பின்னால் உட்கார்ந்து, இரண்டு கண்ணும் குழியை நேருக்கு நேர் பார்க்கும்போது அந்தக் கோட்டைத் திருப்பி வை, விதி அதைத் தடுக்கவில்லை. எழுந்து பக்கவாட்டில் நின்றதும் கோடு எங்கேயோ பார்ப்பது போலத் தோன்றும். அங்கேதான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறோம், மறுபடி திருத்தப் போகாதே, பின்னால் இருந்து பார்த்ததை நம்பு. குழியைப் பார்க்கத் தலையைத் தூக்காமல், தலையணையில் புரட்டுவது போல முகத்தை மட்டும் திருப்பு. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜாக் நிக்லாஸ் பந்துக்குச் சில அடி முன்னால் ஏதாவது ஒரு புல்லையோ இலையையோ குறியாக எடுத்துக்கொள்வாரே, அதை நான் பட்டரால் உருட்டும்போதும் செய்கிறேன், ஓரடிக்குள் ஒரு புள்ளி. நம் பையைத் தூக்கி வரும் கேடி பின்னால் நின்று "கொஞ்சம் வலது, சார்" என்று சொன்ன காலம் 2019 விதி மாற்றத்தோடு போய்விட்டது, நீ கால் வைத்து நிற்கத் தொடங்கிய பிறகு அவர் உன் லைனுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது.

வீட்டில் பழக கொத்தனார் நூல் போதும். இரண்டு குச்சிக்கு நடுவே பந்துக்கு மேலே நூலைக் கட்டி, நிற்கும்போது நூல் பந்தை நடுவில் வெட்டுகிறதா என்று பார். தினம் பத்து நிமிஷம். எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் கண் பழகியது, அதுவரை நேரான நூலே கோணலாகத் தெரிந்தது, அதனால் நீயும் அவசரப்படாதே.

முதலில் அந்தப் பந்தை விட்டுப் பார்த்து, எங்கே விழுந்தது, எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. ஊட்டிக்கு வரும்போது பழைய பட்டரையே கொண்டு வா.

அன்புடன்,
உன் மாப்ளே