மங்குவதை நான் பார்க்கிறேன், தெளிவதை நீ பார்

அன்புள்ள கண்ணு,

தூக்கம் வராமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன் என்று போனில் சொன்னாயே, அப்போதிருந்தே இதை எழுத நினைத்தேன். பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் அல்கால் என்று ஒரு விண்மீன். சனிக்கிழமை ராத்திரி அது என் கண்ணெதிரே மங்கியது.

ஏழரை மணிக்கு, வானத்தில் அதன் பக்கத்திலுள்ள அல்மாக் விண்மீன் அளவுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. ஒன்பதரைக்கு நன்றாகவே இறங்கிவிட்டது. பத்தே முக்காலுக்கு அதே கூட்டத்திலுள்ள எப்சிலான் பெர்சி விண்மீனைவிடவும் மங்கல். நேரத்தைத் தாளில் குறிக்கும்போது கை நடுங்கியது, குளிரால் இல்லை.

அது ஒன்றல்ல, இரண்டு. வெண்ணீலச் சூட்டில் ஒன்று, உப்பிப்போன ஆரஞ்சு நிறத்தில் இன்னொன்று, சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் ஆறில் ஒரு பங்கு இடைவெளியில் சுற்றிச் சுற்றி வருகின்றன. 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போது பொலிவெண் (எண் கூடினால் வெளிச்சம் குறைவு) 2.1-இலிருந்து 3.4-க்குப் போகிறது, அதாவது வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மங்கித் தெளிய மொத்தம் 10 மணி நேரம்.

1782-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் இதைக் கவனித்தபோது அவனுக்கு 18 வயது, காது கேட்காது. இருண்ட பொருள் ஏதோ குறுக்கே போகிறதோ என்று மறு வருஷமே எழுதிவிட்டான். 1889-இல் ஜெர்மன் வானியலாளர் ஃபோகல், அதன் ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் நகர்வதைப் பார்த்து, இரட்டைதான் என்று உறுதிசெய்தார். அதைக் கேட்கக் குட்ரிக் இல்லை, 21 வயதிலேயே போய்விட்டான். உன்னைவிடச் சின்னப் பையன், கண்ணு, எனக்கு அது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் ஒரு புதிர். எடை அதிகமுள்ள விண்மீன்தானே சீக்கிரம் முதுமை அடையும்? இங்கே மூன்று சூரியன் எடையுள்ளது இளமையாக இருக்கிறது, ஒரு சூரியன்கூடத் தேறாதது முதுமையில் உப்பிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் இந்த உப்பியதுதான் பெரியது. உப்பியபோது தன் வாயுவைத் துணையின் மேல் கொட்டிவிட்டது, இன்னமும் கொஞ்சம் கொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மங்கல் மூன்று நாளைக்கு ஒருமுறை 3 மணி 11 நிமிடம் முன்னதாக வரும், அந்தக் கணக்கில் தேதி போட்டு அனுப்புகிறேன். எனக்கு விடியும் நேரம் அது அடிமட்டத்தில் இருந்தால் உனக்கு அப்போதுதான் ராத்திரி நடந்துகொண்டிருக்கும். மங்குவதை நான் குறித்து வைக்கிறேன், தெளிவதை நீ குறித்து அனுப்பு, அதே தாளில் எழுதிக்கொள்கிறேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்.

அப்பா