பட்டை ஏன் சுருண்டது?

அன்புள்ள சேகர்,

முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. நான் நலம்தான், ஊசியில் நூல் கோக்கத்தான் கண் மறுக்கிறது.

இந்த வயதில் ஊசி எதற்கு என்கிறாயா? பைஜாமா எலாஸ்டிக் தொய்ந்துபோய், நானே மாற்றினேன். எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தபடி துணியோடு தைத்துவிட்டுக் கையை எடுத்ததும் துணி முழுக்கச் சுருக்கம் விழுந்தது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்புறம் சும்மா இருக்காமல், ஒரு ரப்பர் பட்டையை நன்றாக இழுத்து, இழுக்காத இன்னொன்றோடு ஒட்டி, பசை காய்ந்ததும் விட்டேன். சுருக்கமே இல்லை. பட்டை மொத்தமாகச் சுருண்டுகொண்டது, இழுத்த பக்கம் உள்ளே, மற்றது வெளியே.

இரண்டிலும் தகராறு ஒன்றுதான் சேகர். ஒன்று குறுகப் பார்க்கிறது, ஒட்டியிருப்பது மாட்டேன் என்கிறது. மெல்லிய இழையென்றால் உடம்பையே வளைத்துக்கொடுத்துவிடும். மெரினோ கம்பளி இழையின் நெளிவும் இப்படித்தான்: நீளவாக்கில் அதன் இரு பாதியும் ஒரே மாதிரி இல்லை. உள்ளே தடித்த மெத்தென்ற ரப்பர், சுற்றிலும் விறைப்பான மெல்லிய தோல் என்றிருந்தால் உடம்பு வளையாது, தோல்தான் மடியும். தோலின் தடிமன் இரட்டித்தால் மடிப்புகளின் இடைவெளியும் இரட்டிக்கும். விறைப்போ எட்டு மடங்கு ஏறினால்தான் இடைவெளி இரட்டிக்குமாம்! இந்தக் கணக்கை எனக்கு இன்னும் நம்பவே முடியவில்லை.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பட்டையின் இரு முனையையும் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்திப் பார். ஒரு பாதி வலம்புரியாகவும் மறுபாதி இடம்புரியாகவும் சுருளும், நடுவில் ஒரு திருப்பம். முனைகள் சுழல வழியில்லை, அதனால் ஒரு பக்கம் ஏறிய முறுக்கை மறுபக்கம் கழித்தாக வேண்டும். கொடிகளின் பற்றுக்கம்பியில் டார்வின் 1865-லேயே இதை எழுதிவைத்திருக்கிறார். 2014-இல் ஹார்வர்டில் சிலர் என்னைப் போலவே ரப்பர் பட்டைகளை ஒட்டி ஸ்பிரிங் செய்யப் போக, ஒன்றல்ல, வரிசையாகப் பல திருப்பங்கள் வந்தனவாம். பட்டையின் அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது அது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வந்தது, அதுவும் கோணலாக.

உன் வீட்டுப் பழைய டெலிபோன் இன்னும் இருக்கிறதா? அதன் சுருள் ஒயரில் எத்தனை இடத்தில் திசை மாறுகிறது என்று எண்ணி எழுது.

அன்புடன்,
மணி