பூட்டன் துப்பாக்கி

தேவிபட்டினம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

அப்பா போனதிலிருந்து அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி மதுரையில், லைசென்ஸ் உள்ள கடையில்தான் கிடக்கிறது. உன் பெயருக்கு மாற்றுவதா, விற்பதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். போன வாரம் மாமாவோடு போனேன். கடைக்காரர் வயசானவர், நிதானமான ஆள். குழலைக் கழற்றிக் கவிழ்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, லென்ஸை என் கையில் கொடுத்தார். எள்ளளவுக்கு ஒரு கிரீடம், அதன் கீழே பி.பி. பக்கத்தில் இன்னொரு கிரீடம், பி.வி. இங்கிலாந்தில் பர்மிங்காம் ஊரில் கூடுதல் வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால்தான் முத்திரை குத்துவார்களாம். இந்தக் கிரீட எழுத்துகள் 1904இல் வந்தவை, 1954 வரை இருந்தவை. அதற்கு முந்தைய முத்திரை ஏதாவது உண்டா என்று மாமா விடாமல் கேட்டார். இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் கேட்கிற கதை என்ன? பூட்டனின் குறி தவறாத கண்ணை மெச்சி, பாஸ்கர சேதுபதி மகாராஜா தன் கையால் கொடுத்தது என்றுதானே? விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பி வைத்த அதே ராஜா. அவர் 1903இலேயே காலமாகிவிட்டார்!

குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் தேய்ந்த எழுத்தும் இருக்கிறது: பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ். மவுண்ட் ரோட்டுக் கடிகாரக் கடையேதான். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியைக் கொட்டினேன். கரையான் பாதி தின்ற பழைய லைசென்ஸ் ஒன்று கிடைத்தது. விற்றவர் உப்பு இலாகா இன்ஸ்பெக்டர். பெயர் கரையான் வயிற்றுக்குள் போய்விட்டது. மாற்றலாகிப் போகும்போது தள்ளிவிட்டிருப்பார். பூட்டனுக்கு அப்போது சங்கு யாவாரம், கையில் நாலு காசு புழங்கிய நேரம். அன்றைக்குப் பூட்டி என்ன திட்டு திட்டியிருப்பாளோ! எனக்கென்னவோ ராஜா கதையைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

கட்டையில் உள்ள கீறல் நினைவிருக்கிறதா? காட்டுப்பன்றி பாய்ந்தது என்று அப்பா உனக்குச் சொல்லி வைத்தாரே, அதுவும் புளுகு. ஒரு தேர்தலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும்போது, அடுக்கிய இடத்திலிருந்து சரிந்து விழுந்தது. நான் வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றேன். சத்தம் கேட்டது.

சரி, முடிவை நீயும் அக்காவும் பேசிச் சொல்லுங்கள். எதுவானாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம், சித்தப்பா இன்னும் டீக்கடையில் மகாராஜா கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் போனில் உளறி வைக்காதே.

அன்புடன்,
அம்மா