குளிர் தணிந்தால்தான் சுவை தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் லண்டன் பயணக் கட்டுரையில் ‘லண்டன் பிரைட்’ என்ற ஏல் வகை பீரைப் பற்றி நான்கே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சப்பென்று இருந்ததாம், வெதுவெதுப்பாக இருந்ததாம். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் அதைக் குடித்துவருகிறவனுக்கு மனம் கேட்கவில்லை.

கட்டுரையாளர் குடித்தது பப்பில், பீப்பாயிலிருந்து கைப்பம்பால் இறைத்துத் தந்த ஏல். அதற்குத் தனியே வாயு ஏற்றுவதில்லை. பீப்பாய்க்குள் உயிரோடிருக்கும் ஈஸ்ட் புளிக்கவைப்பதால் வரும் குறுகுறுப்புதான் உண்டு. நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் வைத்திருப்பார்கள். லாகர் எனும் வகை பீரைப் பனிக்கட்டிபோலக் குடித்துப் பழகிய நாக்குக்கு அது வெதுவெதுப்பாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் அதன் பதம்.

போன சனிக்கிழமை நண்பர்கள் மூவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்த கையோடு ஊற்றிக் கொடுத்தேன். “கசக்கிறது, வேறொன்றும் தெரியவில்லை” என்றார் ஒருவர். குவளைகளை மேசையிலேயே விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். குவளையின் வெளியே பூத்திருந்த நீர்த்துளிகள் காய்ந்தபின் அவரே மறுபடி எடுத்து ஒரு மிடறு குடித்து, “ஆரஞ்சு மார்மலேட்!” என்றார். ஆரஞ்சைத் தோலோடு கிண்டிய ஜாமின் அந்தக் கசப்பும் இனிப்பும். அடுத்தவருக்கு டாஃபி, மூன்றாமவருக்குத் தேநீரில் தோய்த்த பிஸ்கட். மூவர் சொன்னதும் சரிதான். மார்மலேட் மணத்தில் இதைக் காய்ச்சும் ஆலையின் ஈஸ்டுக்குப் பெரும் பங்குண்டு. டாஃபியும் பிஸ்கட்டும் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, தருவது. எனக்கு மிகவும் பிடித்தது விழுங்கியபின் அடிநாக்கில் தங்கும் கைப்பு. நாரத்தங்காய் ஊறுகாய் தின்று வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாக இராது.

பாட்டிலில் ஆல்கஹால் 4.7 சதவீதம், பீப்பாயில் 4.1. பெயர் ஒன்றானாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

2019இல் ஜப்பானின் அசாஹி பீர் நிறுவனம் அந்த ஆலையை வாங்கியதோடு சுவை போய்விட்டது என்று யாரோ சொன்னதையும் கட்டுரை எடுத்துப்போடுகிறது. லண்டனின் சிஸ்விக் பகுதியில் உள்ள அதே கிரிஃபின் ஆலையில்தான் இன்றும் காய்ச்சுகிறார்கள். 1979இல் காம்ரா என்ற பிரிட்டிஷ் பீர் ஆர்வலர் அமைப்பு பிரிட்டனின் சிறந்த பீராக இதைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் காலத்துச் சுவை எனக்குத் தெரியாது. இந்த இருபது ஆண்டில் என் நாக்குக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். விற்பனை மந்தமான ஒரு பப்பில் எனக்கே வினிகர் வாடையடிக்கும் ஏல் வந்திருக்கிறது. திருப்பிக் கொடுத்தேன், முகம் சுளிக்காமல் வேறு ஊற்றித் தந்தார்கள். கட்டுரையாளருக்கும் அப்படியொரு பீப்பாயின் அடிமண்டிதான் வாய்த்ததோ என்னவோ. அடுத்த முறை வரும்போது கூட்டம் நிறைந்த பப்பாகப் பார்த்து நுழைந்து, அரை பைண்ட் வாங்கி, நிதானமாகக் குடித்துவிட்டு எழுதட்டும்.

– வாசகர், ஈஸ்ட் ஹாம், லண்டன்