தம்பி, அந்த மெஷினை இங்கே கொண்டுவராதே

அன்புள்ள தம்பி,

உலோகம் தேடுகிற மெஷினை வைத்து இங்கிலாந்து மண்ணில் நீ எடுத்த பழைய காசு, அந்தப் பென்னியின் படம் கிடைத்தது. அப்பா பூதக்கண்ணாடி வைத்து 1797 என்று வாசித்தார். பர்மிங்காம் பக்கம் நீராவி இயந்திரத்தில் அடித்ததாம், ஒரு அவுன்ஸ் செம்பாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இப்போது அதே கதைதான். நீ அதைப் புளி போட்டு மினுக்கிவிடாதே. பச்சை படிந்தபடியே இருக்கட்டும்.

இடிந்த வீட்டு நிலத்தில் ஆணியும் தகரமும்தான் முதலில் கத்தும், மெஷினின் நுனியில் சின்ன தேடு வட்டைப் பூட்டி மெதுவாகப் போனால்தான் வாசலிலும் கிணற்றடியிலும் உடுப்புக் கொடிக்குக் கீழேயும் விழுந்த காசு பிடிபடும் என்று எழுதியிருந்தாய். வாசிக்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் படம் எடுத்தது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. அதற்கு முதல் வந்த படம் வியாழக்கிழமை. லீவு போட்டிருப்பாயாக்கும்.

காணிக்காரனிடம் கேட்டுத்தானே இறங்குகிறாய்? கிண்டிய குழியை மூடிவிட்டு வா. 300 வருடம் தாண்டிய தங்கம், வெள்ளிப் புதையல் என்றால் 14 நாளுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டுமாம். செத்தவரை விசாரிக்கிறவருக்குக் காசோடு என்ன வேலை என்று அப்பா சிரிக்கிறார். நீ அறிவித்துவிடு. காணிக்காரனிடமும் கேட்டுக்கொள்.

அடுத்த முறை வரும்போது மெஷினையும் கொண்டுவந்து எங்கள் பழைய வீடு இருந்த மயிலிட்டி வளவைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் சொன்னாயாம். வேண்டாம். 90இல் சண்டைக்குள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மா கிணற்றடியில் தாட்டதைத்தான் நினைக்கிறாய், தெரியும். இப்போது அங்கே அத்திவாரமும் இல்லை, கிணறும் தூர்ந்துபோயிற்று. எந்தக் கிணற்றடியை நீ தேடுவாய்? இங்கே அந்த மெஷின் கத்தினால் காசு என்று ஒருவரும் குனியமாட்டார்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கழற்றிய காணிகளிலேயே வெடிக்காத செல் குண்டு எடுத்திருக்கிறார்கள். அதோடு, அனுமதி இல்லாமல் பழைய சாமான் தேடிக் கிண்டினால் பொலிஸ் பிடிக்கும், 1940ஆம் ஆண்டிலேயே போட்ட சட்டம். அம்மம்மாவின் செம்புக்குடம் ஐயா என்றால் விட்டுவிடுவார்களா? நீ மட்டும் வா, மெஷின் வேண்டாம்.

கம்பஸில் முதலாவதாக வந்த பிள்ளை பகலில் வயலில் ஆணி பொறுக்குகிறானாம் என்று பெரியம்மா சொன்னா. வாயை மூடச் சொன்னேன். 200 வருடக் காசை மண்ணுக்குள் கண்டுபிடிக்க அவவின் பிள்ளைகளால் முடியுமா? ஆனாலும் தம்பி, கந்தோர் நாளில் எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போடாதே. எனக்கு மட்டும் அனுப்பு.

குளிருக்குள் முழங்காலில் நிற்கிறாய், தடித்த காற்சட்டை போடு. மத்தியானம் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒருநாளும் எழுதுவதில்லை.

அப்புறம், இந்த மாதம் காசு அனுப்பாதே. தேங்காய் விற்ற காசு இருக்கிறது, அப்பாவின் பென்சனும் வந்துவிட்டது. அடுத்த மாதமும் அவசரமில்லை. வாடகை கட்டப் பற்றாக்குறை என்றால் அப்பாவுக்குச் சொல்லாமல் எனக்குச் சொல்லு. என்னிடம் இருக்கிறது.

அம்மா